கலிவி கோடி: இருட்டில் ஓடும் பறவையின் கதை

பறக்காத பறவை என்று சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நெருப்புக்கோழி, பெங்குவின், ஈமு. (ஈமு என்றால் கொங்கு மண்டலத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்கு வேறு நினைவுகளும் வரும், அது தனிக் கதை!) பறக்காது, அதோடு இரவில் மட்டும்தான் வெளியே வரும் என்று கூடுதலாக ஒரு நிபந்தனை போட்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பெரும்பாலானவர்கள் நியூசிலாந்துக்குத்தான் போவார்கள். அங்கே கிவி இருக்கிறது. காகாபோ என்ற கிளி இருக்கிறது. உலகத்திலேயே பறக்கத் தெரியாத ஒரே கிளி அதுதான். 1995-ல் எண்ணிப் பார்த்தபோது மொத்தமே 51 காகாபோக்கள். அந்த நாடு ஒவ்வொரு பறவைக்கும் பெயர் வைத்து, ஆள் போட்டுக் காவல் காத்து, இன்று இருநூறுக்கு மேல் கொண்டு வந்திருக்கிறது.

அந்தத் தீவுகளில் பறவைகள் பறப்பதை விட்டதற்கு ஒரு எளிமையான காரணம் உண்டு. மனிதன் போய்ச் சேரும் வரை அங்கே நரியும் இல்லை, பூனையும் இல்லை, கீரியும் இல்லை. வௌவால்களைத் தவிர நிலத்தில் பாலூட்டிகளே கிடையாது. துரத்த ஆள் இல்லாதபோது இறக்கைக்கு எதற்கு இவ்வளவு செலவு?

இந்தியாவில் அந்த வசதி கிடையாது. தரையில் வாழும் பறவைக்கு இங்கே எதிரிகள் ஏராளம். அதனால் முழுக்க முழுக்கப் பறக்காத பறவை இங்கே உருவாகவில்லை. ஆனால் அதற்கு மிக நெருக்கமாக ஒன்று இருக்கிறது. இறக்கை உண்டு, பறக்கவும் முடியும், ஆனால் பறப்பதைக் கூடியவரை தவிர்த்துவிட்டு ஓடும். அதுவும் இருட்டிய பிறகு. அது வாழும் இடம் ஏதோ தூர தேசத்துத் தீவு அல்ல. சென்னை சென்ட்ரலில் மும்பை ரயிலில் ஏறினால் ரேணிகுண்டாவைத் தாண்டி வருகிற கடப்பா மாவட்டம்.

ஆங்கிலத்தில் அதன் பெயர் ஜெர்டன்ஸ் கோர்சர். தெலுங்கில் கலிவி கோடி.

பெயரில் என்ன இருக்கிறது?

கோடி என்றதும் பணத்தை நினைக்க வேண்டாம். தெலுங்கில் கோடி என்றால் கோழி. கலிவி என்பது ஒரு முள் செடி. தமிழில் களா. ஊறுகாய் போடுவார்களே, களாக்காய், அந்தச் செடிதான். களாச்செடிப் புதர்களுக்கு அடியில் ஒளிந்து வாழ்வதால் அதற்குக் கலிவி கோடி. நம் பேச்சில் சொன்னால் களாக்கோழி.

இன்னொரு தெலுங்குப் பெயரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர்கள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அடவி உத்த தித்தி. அடவி என்றால் காடு, உத்த என்றால் வெறும், தித்தி என்றால் பை. காட்டின் காலிப் பணப்பை! ஒரு பெயர் கோடி, இன்னொரு பெயர் காலிப் பர்ஸ். வணிகவியல் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடைக்காது.

உருவத்தில் பெரிய பறவை அல்ல. நீளம் சுமார் 27 சென்டிமீட்டர். நீண்ட, மெலிந்த கால்கள். உடம்போடு ஒப்பிட்டால் பெரிய கண்கள், இருட்டில் பார்க்க வேண்டுமே. கண்ணுக்கு மேல் அகலமான வெள்ளைப் பட்டை, தொண்டையில் செம்பழுப்புத் திட்டு, மார்பில் இரண்டு பழுப்புப் பட்டைகள். இந்த இரட்டைப் பட்டையை வைத்துத்தான் அறிவியல் பெயரில் "பைடார்க்வேட்டஸ்" என்று வந்தது. இரண்டு கழுத்தணி அணிந்தது என்று பொருள்.

உணவு பெரும்பாலும் கரையானும் எறும்பும். இருட்டியதும் புதரை விட்டு வெளியே வந்து, இடையிடையே இருக்கும் வெற்றுத் தரையில் நாலு அடி ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். ஆள் அரவம் கேட்டால் பறந்து தப்பிப்பதைவிட ஓடிப் புதருக்குள் மறைவதுதான் அதன் வழக்கம்.

மதராஸ் டாக்டர்

இந்தப் பறவைக்குத் தன் பெயரைக் கொடுத்தவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். 1811-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், எடின்பரோவில் படித்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாக வேலை வாங்கிக்கொண்டு 1836-ல் மதராஸ் வந்து இறங்கினார். வேலை வைத்தியம், ஆசை பறவைகள். பட்டாளத்தோடு ஊர் ஊராகப் போன இடமெல்லாம் பறவைகளைச் சேகரித்தார். தென்னிந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய பட்டியல் மதராஸிலிருந்து வந்த ஒரு ஆய்விதழில் 1839, 1840-களில் வெளியானது. பிறகு வண்ணப் படங்களோடு ஒரு பறவைப் புத்தகத்தை மதராஸிலேயே அச்சிட்டு வெளியிட்டார். அந்தப் படங்களை வரைந்தவர்களில் உள்ளூர் ஓவியர்களும் உண்டு.

1840-களில் நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தபோதுதான் அவர் வாழ்க்கையில் முக்கியமான ஒரு விஷயம் நடந்தது. அந்தப் பகுதியில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. செங்கல்பட்டு, திருப்போரூர் பக்கம் இருளர்கள் எப்படிக் காட்டையும் பாம்பையும் அறிந்தவர்களோ, அப்படி நெல்லூர்ப் பக்கம் யானாதிகள். எந்தப் புதரில் எது இருக்கும், எந்தச் சுவடு எதனுடையது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஜெர்டன் அவர்களிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டார்.

நெல்லூர், கடப்பா மலையடிவாரங்களில் கிடைத்த இந்தப் பறவையின் மாதிரி கல்கத்தாவுக்குப் போனது. ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்வர்ட் பிளைத் 1848-ல் அதைப் புதிய இனம் என்று முறைப்படி விவரித்து வெளியிட்டார். அன்றிலிருந்து உலகத்துக்கு அது ஜெர்டனின் பறவை. யானாதிகளுக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் அது எப்போதும்போல் அதே பழைய பறவை.

ஜெர்டன் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 1872-ல் இங்கிலாந்தில் காலமானார்.

பிறகு ஒரு நீண்ட மௌனம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பறவையைப் பார்த்ததாக எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நிலவியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்டு கோதாவரிப் பள்ளத்தாக்கில், பத்ராசலம், சிரோஞ்சா பகுதிகளில் பார்த்தார். 1900-ல் ஹோவர்டு கேம்ப்பெல் அனந்தபூர் அருகே பார்த்தார். அவ்வளவுதான். அதோடு பதிவேடு மூடிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டில் பலர் தேடினார்கள். இந்தியப் பறவையியலின் தந்தை போன்ற சலீம் அலியே தேடினார். கிடைக்கவில்லை. பத்து வருடம், இருபது வருடம், ஐம்பது வருடம் போயிற்று. இந்த இனம் அழிந்துவிட்டது என்றே பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 1917-ல் கோலார் தங்க வயலில் எர்னஸ்ட் மீட்டன் என்ற கால்நடை மருத்துவர் ஒரு முட்டையை எடுத்து வைத்திருக்கிறார். அந்த முட்டை எப்படியோ கைமாறிக் கைமாறி ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து, பல வருடங்கள் யார் கவனத்துக்கும் வராமல் கிடந்தது. 2013-ல் மரபணுப் பரிசோதனை செய்து பார்த்ததில் அது ஜெர்டன் கோர்சரின் முட்டைதான் என்று உறுதியானது. அதாவது 1900-க்குப் பிறகு பறவையே இல்லை என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த கே.ஜி.எஃப். பக்கம் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்திருக்கிறது!

ஏன் கிடைக்கவில்லை?

இதுதான் இந்தக் கதையின் மையம். பறவை இருந்தது. தேடியவர்களும் சாதாரண ஆட்கள் அல்ல. பிறகு ஏன் 86 வருடம் கிடைக்கவில்லை?

பதில் கேட்டால் சிரிப்பு வரும். பகலில் தேடினார்கள்.

அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. இந்தியாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பறவை உண்டு, இந்தியன் கோர்சர். அதன் அறிவியல் பெயரிலேயே நம் சோழமண்டலக் கடற்கரை இருக்கிறது, "கோரமண்டலிகஸ்". அது பகலில் வெட்டவெளியில், தரிசு நிலங்களில் ஓடித் திரியும். அண்ணன் பகலில் திரிந்தால் தம்பியும் பகலில்தானே திரிவான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்டன் கோர்சர் இரவுப் பறவை என்று பழைய ஆசிரியர்கள் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஒரு துப்பு கண் முன்னாலேயே இருந்தது. ஜெர்டன் கோர்சரின் உண்மையான நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை, ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அவையும் உடம்பில் பட்டைகள் கொண்டவை, புதர்க்காட்டில் வாழ்பவை, பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. ஆசியாவில் இருக்கும் ஒரே கிளை இதுதான். அந்தத் துப்பை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஊர்களில் இரவில் காட்டுக்குள் போகிறவர்கள் இருந்தார்கள். கௌதாரி, காடை, முயல் பிடிக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தப் பறவைக்குத் தனிப் பெயரே தெரிந்திருந்தது. எந்தச் செடியின் அடியில் இருக்கும் என்பது அந்தப் பெயரிலேயே இருந்தது. ஆராய்ச்சியாளர்களின் அட்டவணையில் "அழிந்துவிட்டது" என்று இருந்த அதே வருடங்களில், வேட்டைக்காரர்களின் டார்ச் வெளிச்சத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

ரெட்டிப்பள்ளி, 1986 ஜனவரி

1980-களின் நடுவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அருகிவரும் பறவைகளைப் பற்றி ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பரத் பூஷண் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கடப்பா, நெல்லூர் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார். அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், பறவையின் படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் காட்டியது. "இதைப் பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்திருந்தார்கள். கடப்பா மாவட்டம் ரெட்டிப்பள்ளி கிராமத்தில் ஐத்தண்ணா என்ற பறவை பிடிப்பவர் அதை அடையாளம் கண்டார். 1986 ஜனவரியில் இரவு வேட்டைக்குப் போனபோது டார்ச் வெளிச்சத்தில் ஒன்றைப் பார்த்து, அடித்துச் சாப்பிடாமல், உயிரோடு பிடித்து வைத்திருந்தார். ஆள் அனுப்பித் தகவல் சொன்னார். பரத் பூஷண் வந்து பார்த்தார். சந்தேகமே இல்லை. மார்பில் இரண்டு பட்டை, தொண்டையில் செம்பழுப்பு. 86 வருடம் கழித்துக் கலிவி கோடி திரும்ப வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பறவை சில நாட்களில் இறந்துவிட்டது. பதப்படுத்தப்பட்டுப் பம்பாய்க்குப் போனது. அந்தக் காட்டில் மேலும் சில பறவைகள் இருப்பது பிறகு இரவு நேரத் தேடல்களில் உறுதியானது.

அப்போது சலீம் அலிக்கு 89 வயது. தான் தேடிக் கிடைக்காத பறவை கிடைத்துவிட்டது என்ற செய்தியைக் கேட்க அவர் உயிரோடு இருந்தார். அடுத்த வருடம், 1987-ல் காலமானார்.

1988-ல் இந்திய அஞ்சல் துறை இந்தப் பறவைக்குத் தபால் தலை வெளியிட்டது. பறவை கிடைத்த காட்டுப் பகுதி ஸ்ரீலங்கமல்லேஸ்வர வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. பரப்பு 464 சதுர கிலோமீட்டர்.

மணலில் கால் தடம்

பறவை கிடைத்தது, சரணாலயமும் வந்தது. ஆனால் அதைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. இருட்டில் ஓடும், வெளிச்சம் பட்டால் மறையும் ஒரு சின்னப் பறவையை எப்படி ஆராய்வது?

இங்கேதான் தமிழரான ப. ஜெகநாதன் வருகிறார். 2000-ஆம் ஆண்டிலிருந்து பல வருடங்கள் பம்பாய்க் கழகத்தின் சார்பில், பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் ஒத்துழைப்போடு அவர் அந்தக் காட்டில் வேலை செய்தார். அவர்கள் கையாண்ட முறை மிக எளிமையானது. புதர்களுக்கு நடுவே பொடி மண்ணைச் சலித்துப் பட்டை பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். இரவில் என்னவெல்லாம் அதன் மேல் நடந்து போகிறதோ, காலையில் கால் தடம் இருக்கும். கோர்சரின் தடத்தை மற்றப் பறவைகளின் தடத்திலிருந்து பிரித்துக் காட்டும் அளவுகளைக் கண்டுபிடித்தார்கள். கூடவே, முன்னால் ஏதாவது நகர்ந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமராக்களையும் வைத்தார்கள்.

அடுத்தது குரல். இந்தப் பறவையின் கூவலை முதல் முறையாக ஒலிப்பதிவு செய்தார்கள். இரண்டு அசை கொண்ட கூவல், வினாடிக்கு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும். எந்த நேரத்தில் கூவும் என்பதும் தெரிந்தது. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்திலிருந்து சுமார் 70 நிமிடத்துக்குள் தொடங்கும், சில நிமிடங்களில் பெரும்பாலும் நின்றுவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் இல்லாவிட்டால், பக்கத்தில் பறவை இருந்தாலும் இல்லாததுபோலத்தான்.

மூன்றாவது, அதற்கு எப்படிப்பட்ட காடு வேண்டும் என்பது. அடர்ந்த காடு வேண்டாம். வெட்டவெளியும் வேண்டாம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான புதர்கள் ஒரு ஹெக்டேரில் 300 முதல் 700 வரை, சின்னப் புதர்கள் ஆயிரத்துக்குக் குறைவாக, இடையில் வெறும் தரை. இந்தக் கணக்கில் இருக்கும் இடத்தில்தான் அது அதிகம் தென்பட்டது. புதர் ஒளிந்துகொள்ள, தரை ஓடி இரை பிடிக்க.

இதில் எதிர்பாராத ஒரு விஷயம் வெளிவந்தது. ஆடு மாடு மேய்ப்பதும் விறகு வெட்டுவதும் பறவைக்குக் கெடுதல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அளவுக்கு மீறினால் கெடுதல்தான். ஆனால் அளவோடு நடந்தால் அதுவே புதர்க்காடு அடைத்துக்கொள்ளாமல், நடுநடுவே தரை தெரியும்படி வைத்திருக்கிறது. ஊர் ஜனங்களை முழுக்க விரட்டிவிட்டு வேலி போட்டால் பறவை பிழைத்துவிடும் என்று நினைப்பது தவறு.

சென்னைக்குத் தண்ணீர்

இப்போது சென்னைக்காரர்கள் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம்.

சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் முதல்வர்களாக இருந்தபோது 1983-ல் தமிழ்நாடும் ஆந்திராவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கிருஷ்ணா ஆற்றிலிருந்து வருடத்துக்கு 15 டி.எம்.சி. ஒதுக்கீடு, வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. தமிழக எல்லையில் கொடுப்பது. இதுதான் தெலுங்கு கங்கைத் திட்டம். ஸ்ரீசைலத்திலிருந்து புறப்பட்டு, கடப்பா, நெல்லூர் மாவட்டங்களின் நீர்த்தேக்கங்கள் வழியாகக் கண்டலேறு வந்து, அங்கிருந்து பூண்டி. 1996-ல் முதல் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டது. சென்னைக்குக் குடிநீர், ராயலசீமாவுக்கும் நெல்லூருக்கும் பாசனம் என்று இரண்டு வேலைகளையும் செய்யும் திட்டம் இது.

அந்தத் திட்டத்தின் கால்வாய்ப் பாதை கலிவி கோடியின் வீட்டு வாசல் வழியாகப் போனது.

2005-ன் கடைசியில் சரணாலயத்துக்குள்ளேயே மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கியிருந்தது தெரிய வந்தது. அனுமதி இல்லாமல் நடந்த வேலை. மணல் பட்டை போட்டுக் கால் தடம் தேடிய அதே புதர்கள் வேரோடு பிடுங்கப்பட்டிருந்தன. ஆராய்ச்சியாளர்கள் குரல் எழுப்பினார்கள். வனத்துறை வேலையை நிறுத்தியது. விஷயம் உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு வரை போனது. கடைசியில் கால்வாயின் பாதையை மாற்றுவதற்கு ஆந்திர அரசு ஒப்புக்கொண்டது. அதற்குக் கை கொடுத்தது என்ன தெரியுமா? அந்த மணல் பட்டைகளும், கேமராப் படங்களும், புதர்க் கணக்கும்தான். "இங்கே இருக்கிறது" என்று கையில் ஆதாரத்தோடு சொல்ல ஆள் இருந்ததால்தான் பாதை மாறியது.

ரெட்டிப்பள்ளியில் ஐத்தண்ணா அந்தப் பறவையைப் பிடிக்காமல் விட்டிருந்தால்? கால்வாய் போயிருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. 1900-லேயே அழிந்த பறவை என்று எல்லோரும் படித்துக்கொண்டிருப்போம்.

தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய தெருக்கள் தாம்பரம் பக்கமும் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கமும் எத்தனையோ. ராயலசீமா விவசாயிக்குத் தண்ணீர் இன்னும் பெரிய விஷயம். ஆனால் தண்ணீரா பறவையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கால்வாயைக் கொஞ்சம் தள்ளி வெட்ட முடிந்தது. பறவையைத் தள்ளி வைக்க முடியாது.

வேஸ்ட் என்று எழுதப்பட்ட நிலம்

முதலில் ஏன் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள்? வயல் வழியாகப் போனால் நஷ்ட ஈடு, வழக்கு. ஊர் வழியாகப் போனால் வீடுகள். முள் புதர்க்காடு என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எந்தத் திட்டத்திலும் முதலில் தோன்றுவது அதுதான்.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. வரி வராத நிலம் வீண் நிலம் என்பது கம்பெனிக் காலத்து வருவாய்க் கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலிருந்து செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்தியாவின் "வேஸ்ட்லேண்ட் அட்லஸ்" வெளியிட்டு வருகிறது. அதில் புதர் உள்ள நிலம் என்றே ஒரு வகை இருக்கிறது. அதாவது, கலிவி கோடிக்கு வேண்டிய நிலத்தைப் போன்ற நிலம் அரசாங்கப் புத்தகத்தில் வேஸ்ட்! தமிழில் கேட்கவே வேண்டாம். வரி விதிப்புக்கு வெளியே போன நிலம் என்ற சாதாரண அர்த்தம் உள்ள புறம்போக்கு என்ற சொல்லைத் திட்டுவதற்குப் பயன்படுத்துகிறோம்.

வணிகவியல் பாஷையில் சொன்னால், ஒரு கம்பெனியின் சொத்தைப் பேலன்ஸ் ஷீட்டில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, பிறகு அதை யாருக்கு எவ்வளவுக்குக் கொடுத்தாலும் லாபம் என்று காட்டுவது போல. கணக்கு சரியாகத்தான் டேலி ஆகும். முதல் பதிவு தப்பு என்பதுதான் பிரச்சினை.

சென்னையின் தெற்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பல காலம் குப்பை கொட்டத்தான் லாயக்கு என்று நடத்தப்பட்டது. ஓரங்களில் கட்டடங்கள் எழும்பின. 2015 வெள்ளத்துக்குப் பிறகுதான் தண்ணீர் தேங்க ஒரு இடம் வேண்டும் என்பது பலருக்கும் உறைத்தது. 2022-ல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டது. நிலம் மாறவில்லை, அதைப் பற்றி எழுதிய வரிதான் மாறியது. முள் புதர்க்காட்டுக்கு அப்படி ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை.

மீண்டும் ஒரு மௌனம், மீண்டும் ஒரு குரல்

2008 வாக்கில் ஸ்ரீலங்கமல்லேஸ்வரத்தில் பார்த்ததோடு மறுபடியும் பறவை காணாமல் போனது. வருடங்கள் ஓடின. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிக மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். உலகத்தில் மொத்தம் 50 முதல் 249 வரை வளர்ந்த பறவைகள் இருக்கலாம் என்பது பட்டியலில் கொடுக்கப்பட்ட மதிப்பீடு. காகாபோவைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் காகாபோவுக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. இதற்கு எத்தனை என்பதே தெரியாது.

2025 ஆகஸ்டில் இந்தியப் பறவை ஆர்வலர்கள் சிலர் ஆந்திராவின் புதர்க்காட்டில் இருட்டிய பிறகு அந்த இரண்டு அசைக் கூவலை மீண்டும் கேட்டுப் பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட 17 வருடம் கழித்து! இந்த முறை எப்படித் தேடுவது என்பது தெரிந்திருந்தது. எந்த மாதிரிப் புதர், எந்த நேரம், எந்தக் குரல் என்று முன்னால் போனவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அதனால் 86 வருடம் ஆகவில்லை.

இதில் சந்தோஷப்படுவதற்கும் இருக்கிறது, கவலைப்படுவதற்கும் இருக்கிறது. பறவை இன்னும் இருக்கிறது. ஆனால் முதல் முறை அது தொலைந்தது நாம் தப்பான நேரத்தில் தேடியதால். காடு அப்போது இருந்தது, பறவையும் அதில் இருந்தது. இனிமேல் தொலைந்தால் காரணம் அதுவாக இருக்காது. புதர் போய்விட்டால் சரியான நேரத்தில், சரியான குரலோடு போய் நின்றாலும் பதில் வராது.

தாம்பரம், வண்டலூர், நன்மங்கலம் பக்கம் இன்னும் கொஞ்சம் முள் புதர்க்காடு மிச்சம் இருக்கிறது. சிறுசேரி, கேளம்பாக்கம் சாலையோரங்களிலும் மனை போடாத துண்டு நிலங்களில் களாச்செடியும் காரைமுள்ளும் தென்படும். அங்கே கலிவி கோடி கிடையாது. கொம்பன் ஆந்தை இருக்கலாம், கௌதாரி இருக்கலாம், கீரி இருக்கலாம். அவற்றைப் பார்த்தவர்கள் அந்தந்த ஊரில் யாராவது இருப்பார்கள். ஆடு மேய்ப்பவர், சுள்ளி பொறுக்கும் பாட்டி, இருளர் வீட்டுப் பெரியவர். "சும்மா கிடக்கிற இடம்" என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. இரவில் அங்கே என்ன ஓடுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.